திருமணப் பதிவேட்டில் மணமகளின் தொழில்

நெதர்லாந்தில் கணினி அறிவியல் முதுகலை படிக்கச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு கல்யாணக் கதை கேட்டேன். கேட்ட இடம் அல்காரிதம் வகுப்பு. சொன்னவர் பேராசிரியர். அந்த நாட்டில் கணினி படிக்கிறவர்கள் எப்படியும் ஒரு முறையாவது கேட்டுவிடுகிற கதை அது.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1957இல் திருமணம் செய்துகொண்டார். டச்சு நடைமுறைப்படி திருமணப் பதிவின்போது தொழிலைச் சொல்ல வேண்டும். அவர் ‘புரோகிராமர்’ என்றார். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அதை ஏற்கவில்லை. அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று சொல்லிவிட்டது. கடைசியில் ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று பதிவானது. 1972இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய ‘பணிவான புரோகிராமர்’ என்ற உரையில் அவரே இதைச் சொல்கிறார்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு துறை பிறந்த காலத்தில் அதற்குப் பெயர்கூட இல்லை என்பது அழகான செய்திதான். அன்றிரவு அறைக்கு வந்து அந்த உரையை முழுவதும் படித்தேன். 1957இல் நான் மணந்தேன் என்கிறார். யாரை என்று சொல்லவில்லை. மணமகளின் பெயர் இல்லை. திருமணப் பதிவு என்றால் இரண்டு பேர் நிற்க வேண்டும், இரண்டு பேருக்கும் கட்டங்கள் இருக்க வேண்டும். ஒருவருடைய தொழில் கட்டம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. இன்னொருவருடைய கட்டத்தில் என்ன இருந்தது என்று எங்கள் நூற்றுச் சொச்சம் பேர் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் வகுப்பில் இருந்தபோது தோன்றவில்லை.

மணமகளின் பெயர் மரியா டெபெட்ஸ். ரியா என்று அழைப்பார்கள். டைக்ஸ்ட்ரா வேலை பார்த்த ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில்தான் அவரும் வேலை பார்த்தார். அவருடைய வேலை கணக்குப் போடுவது. அந்த வேலை செய்த பெண்களுக்கு ஒரு பெயர் இருந்தது: ‘ரேக்கன்மெய்ஷெஸ்’. தமிழில் சொன்னால் ‘கணக்குப் பொண்ணுங்க’.

கணினி அறிவியலின் அடிப்படைப் பாடம், தேவையில்லாததை விட்டுவிடுவது. ஒரு நகரத்தைப் புள்ளியாக்கலாம், சாலையைக் கோடாக்கலாம், மற்றதை மறந்துவிடலாம். அப்படி மறந்தால்தான் கணக்கு நடக்கும். எதை மறக்கலாம் என்று முடிவு செய்வது யார், அந்த முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பாடத்திட்டத்தில் இடமில்லை. இரண்டு ஆண்டுகள் அங்கே படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்.

கணக்குப் பொண்ணுங்க

கணித மையம் 1946இல் தொடங்கப்பட்டது. போரில் சிதைந்த நாட்டைக் கட்டியெழுப்பக் கணிதம் வேண்டியிருந்தது. அதன் கணக்கீட்டுப் பிரிவின் தலைவர் ஆத்ரியான் வான் வெய்ன்ஹார்டன். மின்னணு இயந்திரம் வருவதற்கு முன்னால் அந்தப் பிரிவின் இயந்திரம் பெண்கள்தான். பள்ளிப்படிப்பில் கணிதம் தேறிய இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். மேசைக் கணக்குப் பொறிகளின் முன்னால் உட்காரவைத்தார்கள். பெரிய கணக்கைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, தாளில் கட்டம் போட்டு, இடைவிடைகளை எங்கே எழுதி வைப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்று வரிசைப்படுத்தி, மணிக்கணக்காகச் செய்கிற வேலை. 1953 வெள்ளத்தில் 1,800க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின், கடல் தடுப்பை எவ்வளவு உயரம் கட்டுவது என்ற கணக்கையும் இந்த மையம்தான் ஆராய்ந்தது.

டச்சு மொழியில் ‘யெ’ என்ற விகுதி எதையும் சின்னதாக்கிவிடும். ‘மெய்ஷெ’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்தச் சின்னதாக்கல் இருக்கிறது. நம் ஊரில் ‘ஆபிஸ் பொண்ணு’ என்று சொன்னதும் எப்படி ஒருவரின் படிப்பும் வயதும் அனுபவமும் மறைந்துபோகிறதோ, அதே மாதிரி.

மையத்தின் முதல் இயந்திரமான அர்ரா 1952இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச் மாதம் டைக்ஸ்ட்ரா வேலையில் சேர்ந்தார். தன் நாட்டில் முறையாக இந்தத் தொழிலுக்கு வந்த முதல் ஆள் தான்தான் என்று அந்த விருது உரையில் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. சம்பளப் பட்டியலில் ‘புரோகிராமர்’ என்ற பெயரோடு இருந்தவர்களில் அவர் முதல் ஆளாகத்தான் இருப்பார். மேசைப் பொறியில் கணக்குப் போடுவதும் மின்னணு இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுவதும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஆனால் ஒரு வேலையைப் படிகளாக அடுக்குவது, இடைவிடையைச் சேமிப்பது, பிழையை நடுவழியிலேயே பிடிப்பது என்ற அறிவு அந்தக் கட்டிடத்துக்கு இயந்திரத்தோடு வந்து இறங்கியதல்ல. பக்கத்து அறையில் ஏற்கெனவே இருந்தது. அதற்குத் ‘தொழில்’ என்ற பெயர் கிடைத்தது ஒரு ஆண் அதைச் செய்ய வந்த பிறகுதான்.

அந்த ஆண்டுகளின் டச்சுச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1956 முடியும்வரை அங்கே மணமான பெண் சட்டப்படி ‘செயல்தகுதி அற்றவர்’. கணவனின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது, வங்கிக் கணக்குத் தொடங்க முடியாது. அரசு வேலையில் இருந்த பெண்ணைக் கல்யாணம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. அதை எதிர்த்துக் கோரி தெண்டலோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1955 செப்டம்பரில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 46க்கு 44. இரண்டே இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. ‘செயல்தகுதி அற்றவர்’ என்ற நிலை 1957 ஜனவரி 1 அன்று சட்டத்திலிருந்து போனது. கணவனே குடும்பத் தலைவன் என்ற வாசகம் போக 1970 ஆக வேண்டியிருந்தது.

அதாவது, டைக்ஸ்ட்ராவின் தொழிலை ஒரு குமாஸ்தா ஏற்க மறுத்த அதே ஆண்டில்தான், மணமான பெண்ணின் கையெழுத்துக்கு அந்த நாடு முதன்முறையாக மதிப்புக் கொடுத்தது. இரண்டும் ஒரே பதிவேட்டின் கதை. வகுப்பில் நாங்கள் கேட்டது பாதி.

இருபது நிமிடம்

இன்னொரு கதையும் உண்டு. குறுகிய வழி கண்டுபிடிக்கும் அல்காரிதம் டைக்ஸ்ட்ராவின் பெயரில்தான் வழங்குகிறது. 1956இல் ஆர்மாக் என்ற புதிய இயந்திரத்தின் தொடக்க விழாவுக்கு, கணிதம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு செய்முறை வேண்டியிருந்தது. நெதர்லாந்து வரைபடத்தில் 64 ஊர்களை எடுத்துக்கொண்டு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறுகிய வழி எது என்று இயந்திரத்தைக் கேட்டார்கள். அதற்கான முறையைத் தான் யோசித்தது எப்படி என்று பிற்காலப் பேட்டி ஒன்றில் அவர் சொல்லியிருக்கிறார். வருங்கால மனைவியோடு ஆம்ஸ்டர்டாமில் கடைகடையாக ஏறி இறங்கிக் களைத்துப்போய், காபி குடிக்க வெளித்திண்ணையில் உட்கார்ந்தபோது, தாளும் பென்சிலும் இல்லாமல், இருபது நிமிடத்தில் தோன்றியதாம். 1959இல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. இன்று கைப்பேசியில் வழி கேட்கிற ஒவ்வொருவரும் அந்த மூன்று பக்கத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்.

அந்த அல்காரிதத்தை ரியாதான் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஒவ்வொரு மேதைக்குப் பின்னாலும் ஒரு பெண் இருந்தாள் என்ற வசனம் பெண்களுக்குச் செய்யும் நன்மையும் ஒன்றுமில்லை. நான் கேட்பது கதை சொல்லப்படும் விதத்தைப் பற்றி. அந்த மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் கணக்கீட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஒருவர் யோசித்தார். இன்னொருவர் கதையில் ‘வருங்கால மனைவி’ மட்டுமே. காபிக் கோப்பைக்கும் களைப்புக்கும் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பொருள்.

பரீட்சையில் அந்த அல்காரிதத்தை நாங்கள் கையால் போட்டுக் காட்ட வேண்டும். தாளில் அட்டவணை வரைந்து, ஒவ்வொரு படியிலும் எந்தப் புள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று நிரப்பி, குறைந்ததை வட்டமிட்டு, அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஒரு வரியில் கூட்டல் தப்பினால் அடியோடு தப்பு. அந்த முக்கால் மணி நேரம் அரங்கில் இருந்த எல்லோரும் ரேக்கன்மெய்ஷெஸ்தான். அந்தச் சொல்லை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

‘பணிவான புரோகிராமர்’ எனக்கு இன்றைக்கும் பிடித்த உரை. மனித மூளை சின்னது, வேலை மிகப் பெரியது, அந்த எல்லையை மதித்து எழுத வேண்டும் என்கிறது. சாமர்த்தியம் காட்டுவதைக் கண்டிக்கிறது. எழுதி முடித்தபின் பிழை தேடுவதைவிட, பிழை நுழையாதபடி எழுதச் சொல்கிறது. நல்ல ஆசிரியரின் குரல். அந்தப் பணிவு முழுவதும் வேலையின் கடினத்துக்கு முன்னால் காட்டும் பணிவு. அறையில் இல்லாதவர்களுக்கு முன்னால் காட்ட வேண்டிய பணிவு அதில் இல்லை. நான் படித்த துறையும் இந்த முதல் பணிவைத்தான் சுவீகரித்துக்கொண்டது.

நீ அழகாக எழுதுகிறாய்

மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இளநிலை படித்தேன். ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் பொண்ணுக்கு ஏத்தது. வெயில்ல நிக்க வேணாம், ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேலை’ என்று பெரியப்பா சொல்லித்தான் சேர்த்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். கோட் எழுதுவது ஆண்களின் வேலை என்ற எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு விடுதிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பையன்கள் ராத்திரி பதினொன்று வரை லேபில் இருப்பார்கள்.

நெதர்லாந்தில் எனக்குப் பூட்டு இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு நூலகத்திலிருந்து சைக்கிள் மிதித்துத் தனியாக அறைக்கு வந்திருக்கிறேன். அந்தச் சுதந்திரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது பேர் வகுப்பில் பெண்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அந்த ஐந்து பேரிலும் மூன்று பேர் என்னைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு முதல் செமஸ்டர் முழுவதும் வாய் ‘ஸார்’ என்றே போனது. ‘இங்கே எல்லோரும் சமம்’ என்று சிரித்துக்கொண்டே திருத்துவார்.

மென்பொருள் பொறியியல் பாடத்தில் ஐந்து பேர் கொண்ட குழு. பத்து வாரம். நான் ஒருத்திதான் பெண். முதல் கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: ‘நீ அழகாக எழுதுகிறாய், குறிப்புகளை நீ எடுக்கிறாயா?’ மரியாதையாகத்தான் கேட்டான். சரி என்றேன். இரண்டாவது வாரம் அறிக்கையும் என்னிடம் வந்தது. மூன்றாவது வாரம் சோதனைகள் எழுதும் வேலை வந்தது. யாருமே கெட்டவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை பீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். நான் போகாத மாலைகளில் அடுத்த வார வேலை அங்கேயே பிரிக்கப்பட்டிருக்கும்.

நாங்கள் செய்தது அறை முன்பதிவு செய்யும் மென்பொருள். ஏழாவது வாரத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே அறையைக் கேட்டால் இரண்டு பேருக்கும் கிடைத்துவிடும். அது எப்போதாவது ஒருமுறைதான் வரும். அதை வரவழைக்கவே எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. எப்படி வருகிறது, ஏன் வருகிறது, எங்கே பூட்டுப் போட வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். ஒருவன் அதைப் படித்து நான்கு வரி மாற்றினான். கடைசி வாரம் எல்லோர் முன்னாலும் விளக்கியபோது அது ‘அவன் சரிசெய்த பிழை’ ஆகியிருந்தது.

முடிவில் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் படிவம் வந்தது. மூன்று கட்டங்கள்: கோட், ஆவணம், தொடர்பாடல். எனக்கு முதல் கட்டத்தில் ‘குறைவு’, மற்ற இரண்டிலும் ‘மிகச் சிறப்பு’. யார் எத்தனை வரி சேர்த்தார்கள் என்று தானாக வரைந்த படமும் கூடவே இருந்தது. அதில் என் கோடு தரையோடு கிடந்தது. பத்துக்கு 6.5 கிடைத்தது. 5.5 எடுத்தாலே தேர்ச்சி என்பதால் அது மோசமான மதிப்பெண் கிடையாது.

ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்த ஊர் வழக்கப்படி நேராகவே பேசினார்: ‘கோட் எழுத ஆசை இருந்தால் நீ அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.’

இந்த நேர்ப்பேச்சைப் பற்றி டச்சுக்காரர்களுக்குப் பெருமை உண்டு. மனதில் பட்டதைச் சொல், ஒளிக்காதே, பெரியவர் சின்னவர் பார்க்காதே. கேட்க நன்றாக இருக்கும். எல்லோருடைய பேச்சுக்கும் ஒரே விலைதான் என்று அது முன்கூட்டியே நம்பிக்கொள்கிறது. ஐரோப்பிய மாணவர்களைப் போலப் பல மடங்கு கட்டணம் கட்டிப் படிக்கிறவள் நான். ஆண்டுக்குப் பாதிப் பாடப்புள்ளிகளாவது எடுக்காவிட்டால் தங்கும் உரிமமே போய்விடும். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதற்கும் முதலாளி தனி அனுமதி வாங்கித் தர வேண்டும். குழுவோடு சண்டை போட்டால் எனக்கு ஆகும் செலவும், அவனுக்கு ஆகும் செலவும் ஒன்றா? ‘கேட்டிருக்கலாமே’ என்பது சமத்துவத்தின் மொழி மாதிரி இருக்கிறது. நடந்ததற்கான பொறுப்பு முழுவதையும் கேட்காதவள் தலையில் இறக்கி வைக்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். ‘பாஸ்தானே? அப்புறம் என்னடி?’ என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘எங்க ஸ்கூல்லயும் ஸ்டாஃப் மீட்டிங் நோட்டு இருபது வருஷமா என்கிட்டதான் இருக்கு. எழுதுறதால பேச முடியாது’ என்றாள். அம்மா கணக்கு டீச்சர்.

விளக்கு

என் கதை சின்னது. ஒரு மதிப்பெண்ணோடு முடிந்துபோனது. அதே நாட்டில், நான் போவதற்கு முன்னால், ராபின் போகோர்னி என்ற மாணவிக்கு நடந்தது பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் விரியெ பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் முதுகலை படித்தவர், கறுப்பினப் பெண். கொரோனாக் காலத்தில் தேர்வுகள் வீட்டிலேயே நடந்தன. கண்காணிக்க ஒரு மென்பொருள். அது கேமராவில் முகத்தைத் தேடும். அவர் முகத்தை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்துக்கு நேராக விளக்கை எரியவிட்டபடிதான் அவர் தேர்வெழுத வேண்டியிருந்தது.

2022இல் நெதர்லாந்தின் மனித உரிமைக் கழகத்தில் புகார் கொடுத்தார். பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நம்பப் போதிய காரணம் இருக்கிறது, இல்லை என்று நிரூபிப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று அந்த ஆண்டு டிசம்பரில் கழகம் சொன்னது. 2023 அக்டோபரில் இறுதி முடிவு வந்தது. மென்பொருள் அவருக்குப் பாகுபாடு காட்டவில்லை என்று பல்கலைக்கழகம் காட்டிவிட்டது. ஆனால் அவருடைய புகாரைக் கையாண்ட விதத்தில் பாகுபாடு நடந்தது.

அந்த முடிவைக் கணினி படித்தவளாகத்தான் வாசிக்கிறேன். ஒருவர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை முறை தொடர்பு அறுந்தது என்பதைப் பதிவுகள் சொல்லும். உள்ளே வர அவர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாது. விளக்குக்கு அந்த அட்டவணையில் நெடுவரிசை கிடையாது. வரிகளை எண்ணி என் கோட்டைத் தரையில் கிடத்திய படமும் இதே வகைதான். அளக்க முடிந்ததை அளந்துவிட்டு, அளந்தது மட்டுமே நடந்தது என்று முடிவுக்கு வருவது.

அம்மாக்களின் படிவம்

இந்தப் பழக்கம் வகுப்பறையோடு நிற்பதில்லை. படித்து முடித்தவர்கள் அரசு அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் போகிறார்கள். நெதர்லாந்தில் அது என்ன செய்தது என்று உலகமே பார்த்தது.

அங்கே பெற்றோர் வேலைக்குப் போனால், குழந்தையைக் காப்பகத்தில் விடும் செலவில் ஒரு பங்கை அரசு தரும். குழந்தை பிறந்ததும் வேலையைக் குறைத்துக்கொள்வது பெரும்பாலும் அம்மாதான். பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் பகுதிநேர வேலையில் இருக்கிற நாடு அது. அதனால் இந்த உதவித்தொகை நடைமுறையில் அம்மா வேலைக்குப் போவதற்கான பணம். அதை வழங்கியது வரித்துறை. விண்ணப்பங்களில் யாரைச் சந்தேகப்படலாம் என்று மதிப்பெண் போட, தானாகக் கற்கும் ஒரு மாதிரியை வைத்திருந்தது. டச்சுக் குடியுரிமை இல்லாதது ஆபத்தின் அடையாளமாக அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு கையெழுத்து விடுபட்டால்கூட, கட்ட வேண்டிய சின்னப் பங்கு பாக்கி இருந்தால்கூட, மோசடி என்று முத்திரை குத்தி வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டார்கள். பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. தனியாகக் குழந்தை வளர்த்த பெண்கள், வெளிநாட்டு வேர் உள்ள பெண்கள் அதில் ஏராளம். பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிரித்து வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்ததாக அரசின் புள்ளிவிவரத் துறையே கணக்கிட்டது. ‘முன்னெப்போதும் இல்லாத அநீதி’ என்று நாடாளுமன்றக் குழு 2020 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 2021 ஜனவரியில் அரசு ராஜினாமா செய்தது.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் இரண்டு பெண்களை நான் மறக்க முடியாது. வழக்கறிஞர் எவா கொன்சாலஸ் பெரெஸ், பணம் நிறுத்தப்பட்ட பெற்றோர்களுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். வரித்துறைக்குள்ளேயே சட்ட ஆலோசகராக இருந்த சாண்ட்ரா பால்மன், துறை செய்வது தவறு, பெற்றோருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 2017இலேயே குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு வெளியே வர 2020 ஆனது. அவர் செய்தது என்ன வேலை? பிழை எங்கே இருக்கிறது, ஏன் வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தது. எங்கள் படிவத்தில் அதற்குப் பெயர் ‘ஆவணம்’. மதிப்பெண் குறைவான கட்டம்.

இது ஒரு துறையில் ஒரு முறை நடந்த விபத்தும் அல்ல. ராட்டர்டாம் நகராட்சி 2021 வரை நலஉதவி பெறுவோரில் யாரை விசாரிக்கலாம் என்று பார்க்க ஒரு மாதிரியைப் பயன்படுத்தியது. 2023இல் பத்திரிகையாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். பெண்ணாக இருந்தால், குழந்தை இருந்தால், டச்சு சரளமாக வராவிட்டால் சந்தேக மதிப்பெண் ஏறியது.

என் இயந்திரக் கற்றல் பாடத்தில் இந்த வரித்துறை விவகாரம் ஒரே ஒரு படவில்லையில் வந்தது. கடைசி வாரம், ‘அறநெறி’ என்ற தலைப்பில். அது தேர்வுக்கு வராது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வகுப்பில் பாதி நாற்காலிகள் காலி. எந்த நெடுவரிசையை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று நான்காவது வாரத்திலேயே பாடம் நடந்திருந்தது. குடியுரிமை நெடுவரிசையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அந்த நான்காவது வாரம்தான். தவறு செய்யக் கற்றுக்கொடுப்பதும் வருத்தப்படக் கற்றுக்கொடுப்பதும் தனித்தனி வாரத்தில் இருந்தால், இரண்டாவதற்கு யாரும் வர மாட்டார்கள்.

எண்ணிக்கை போதுமா?

‘பெண்கள் கூடினால் எல்லாம் சரியாகும்’ என்று ஒரு பதில் உண்டு. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2019 ஜூலையில் துணிச்சலாக ஒன்று செய்தது. ஆசிரியப் பணியிடங்கள் எல்லாவற்றுக்கும் முதல் ஆறு மாதம் பெண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றது. பெரிய எதிர்ப்பு வந்தது. அளவுக்கு மீறிப் போகிறது என்று மனித உரிமைக் கழகம் 2020இல் சொன்னது. பிறகு திட்டத்தைக் குறுக்கி நடத்தினார்கள். நான் அந்தத் திட்டத்தின் பக்கம்தான். நாற்பதில் ஐந்து பேராக உட்கார்ந்தவளுக்கு எண்ணிக்கையின் அருமை தெரியும்.

ஆனால் வகுப்பில் பாதிப் பேர் பெண்களாக இருந்த கல்லூரியிலிருந்துதான் நான் வந்தேன். அங்கே விடுதிக்குப் பூட்டு இருந்தது. கணித மையத்தின் கணக்கு அறையில் உட்கார்ந்திருந்தவர்களும் பெண்கள்தான். எண்ணிக்கைக்கு அங்கே குறைவில்லை. அவர்கள் செய்ததை வேலை என்றார்களே தவிர, அறிவு என்று யாரும் சொல்லவில்லை. பெண்களை உள்ளே விடுவதோடு, அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதன் பெயரையும் விலையையும் மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காவிட்டால் புதிய அறையிலும் பழைய குறிப்பு நோட்டுதான் நம் கைக்கு வரும்.

அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு நான் உதவி ஆசிரியையாகப் போனேன். மதிப்பீட்டுப் படிவத்தை மாற்றலாமா என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலைகள் கைமாற வேண்டும், குறிப்பெடுப்பதும் சேர்த்து. பிழையைச் சரிசெய்தது யார் என்பதோடு, கண்டுபிடித்தது யார், எழுதி வைத்தது யார் என்றும் கட்டங்கள் வேண்டும். ஆசிரியர் யோசித்துவிட்டு, ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம் என்றார். என்னிடம் நேராகப் பேசியவர்தான். நான் நேராகக் கேட்டதும் தந்தார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் உதவி ஆசிரியை என்ற பதவியோடுதான் என்னால் கேட்க முடிந்தது.

பருவ முடிவில் கருத்துக் கேட்டோம். பல குழுக்கள் நன்றாக இருந்தது என்றன. ஒரு மாணவன், கூட்டக் குறிப்பு எழுதியதில் தன் கற்கும் நேரம் வீணாயிற்று என்று எழுதியிருந்தான். அந்த வரியை அப்படியே கோப்பில் சேர்த்தேன். அந்த நேரம் வீண் என்று எழுத எனக்கு ஓர் ஆண்டு முன்னால் துணிவு வரவில்லை.

அல்காரிதப் பயிற்சி வகுப்பும் எனக்கு வந்தது. குறுகிய வழிப் பாடத்தன்று கல்யாணக் கதையைச் சொன்னேன். ரியாவின் பெயரோடு, கணக்கு அறையோடு, அந்த ஆண்டின் சட்டத்தோடு. ஐந்து நிமிடம்தான் ஆனது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: ‘அப்படியென்றால் அவர் கட்டத்தில் என்ன எழுதினார்கள்?’

அந்த உரையில் அது இல்லை என்றேன். பிறகு எல்லோரும் தாள் எடுத்து அட்டவணை போட ஆரம்பித்தோம்.